தப்பாக எண்ணத் தெரிந்தவருக்கு

அப்பா,

நேற்று கொட்டையுள்ள புளி கேட்டு ஜாலான் பெண்டஹாரா தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கொட்டை எடுத்த புளிதான் தாத்தா இப்ப எல்லாரும் வாங்குறாங்க, சுத்தமா இருக்கும்" என்றாள். எனக்குச் சுத்தம் வேண்டாம், கொட்டைதான் வேண்டும் என்றேன். கிழவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். மூன்றாவது கடையில், அலமாரிக்கு அடியில் கிடந்த ஒரு கட்டியைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உரித்தேன். விரலெல்லாம் பிசுபிசுத்து அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும், காஜா பெராங்கில் அப்போது நாம் இருந்த வீட்டின் சமையலறையில் நீங்கள் சம்மணம் போட்டு உட்காரும் இடம் அப்படியே கண்முன் வந்தது.

கொட்டை எதற்கு என்று கேட்பீர்கள். தங்கச்சியின் பேத்திக்கு. அவளுக்கு ஆறு வயது, வாரத்தில் மூன்று நாள் கணக்கு டியூஷன். ஆறு வயதுக்கு ஏழாம் வாய்ப்பாடு! நின்றுகொண்டு ஒப்பிக்க வேண்டுமாம். பாதியில் அவளுக்கு விக்கல் எடுத்துவிடுகிறது. தாள் முழுக்கச் சிவப்பு மையில் தப்புக் குறி, அடியில் "கவனம் போதாது" என்று ஒரு வரி. யாருக்குக் கவனம் போதாது? ஏழு என்றால் எவ்வளவு என்று அந்தக் குழந்தையின் கையில் ஏழு பொருளை ஒருவராவது வைத்துக் காட்டியிருப்பார்களா? எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளைக் கிழித்திருப்பேன். அவள் அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

அந்த விக்கல் எனக்குத் தெரிந்த விக்கல். ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் ஒன்று, இரண்டு, மூன்றை அவன் மொழியில் இச்சி, நி, சான் என்று வரிசையாக நின்று கத்தவேண்டும். ஒன்று தப்பினால் கன்னத்தில் அறை. வீட்டுக்கு வந்தும் எனக்கு விக்கல் அடங்காது. நீங்கள் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அது பாட்டுடா. கணக்கு வேற" என்றீர்கள். பாட்டைத் தப்பாகப் பாடினால் அடிப்பார்கள், கணக்கில் தப்பு வந்தால் சிரிக்கலாம் என்று சொன்ன ஒரே மனிதர் நீங்கள்தான்.

அப்போது நீங்கள் பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த துணிக்கடை மூடிக் கிடந்தது. தெருவில் நின்ற ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறார்கள் என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்தது. அம்மா காய்கறித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். மூடிய சன்னலுக்குள் நீங்கள், நான், ஐந்து வயதுத் தங்கச்சி. ஊபிக் கிழங்கு வெந்துகொண்டிருக்கும். நீங்கள் புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி எண்ணத் தொடங்குவீர்கள்.

"லாபம், ரெண்டு, மூணு, அஞ்சு..."

"தப்பு! தப்பு!" என்று தங்கச்சி குதிப்பாள்.

"எங்க தப்பு? எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நாலு எங்கப்பா? நால முழுங்கிட்டீங்க! தோப்புக்கரணம் போடுங்க! முதல்லேருந்து எண்ணுங்க!"

காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவீர்கள். எத்தனை என்று அவள் எண்ணவேண்டும். அதிலும் ஒன்றைத் திருடுவீர்கள், மறுபடி மாட்டுவீர்கள். கிழங்கை மூன்று பேருக்கு வெட்டும்போது வேண்டுமென்றே நான்காக வெட்டி, மீந்த துண்டை என்ன செய்வது என்று திருதிருவென்று விழிப்பீர்கள். அதை இன்னும் மூன்றாக வெட்டச் சொல்லி அவள்தான் தீர்ப்பு சொல்வாள். வயிறு நிறைந்ததா என்றால் இல்லை. ஆனால் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயால் எண்ணாதே, கையால் எண்ணு என்று அவளுக்குச் சொல்லியிருந்தீர்கள். ஒரு பொருளுக்கு ஒரு கொட்டை, இடது கையிலிருந்து வலது கைக்கு. அவள் எங்கே போனாலும் பாவாடை முடிச்சில் பத்துக் கொட்டை இருக்கும்.

அரிசிப் பங்கீட்டுக்கு நானும் அவளும்தான் வரிசையில் நிற்போம். அளந்து போட்டவர் நம்மவர்தான், தமிழர். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வீட்டுக்கு ஆறு பால் டின் அரிசி. முதல் டின்னுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது நம் வழக்கம். அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? வெறும் டின்னை மூட்டை விளிம்பில் பக்தியோடு தட்டி, "லாபம்" என்பார். பிறகு ஒரு டின் அள்ளிப் போட்டு "ரெண்டு" என்பார். மங்கல வார்த்தையைக் கேட்டதும் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். ஆறு என்று காதில் விழும், ஐந்துதான் பையில் விழும். அதுவரை எல்லா வாரமும் பெரியவர்கள் அத்தனை பேரும் காதால் எண்ணினார்கள். தங்கச்சி கையால் எண்ணினாள்.

அவர் "ஆறு" என்றபோது அவள் வலது கையைத் திறந்து பார்த்தாள். ஐந்து கொட்டை. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன் அப்பா. இவரும் உங்களைப் போல விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

"தப்பு! தப்பு! லாபம் சொல்றப்ப டின்னு காலி!" என்று கைதட்டிக் குதித்தாள். "தோப்புக்கரணம் போடுங்க மாமா! முதல்லேருந்து எண்ணுங்க!"

 நான் அவள் தொடையில் கிள்ளினேன். ஆமாம், கிள்ளினேன்.

"யாரு வீட்டுப் புள்ள இது? இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? ஒங்கப்பன் எங்க?" என்று அவர் கத்தினார்.

அப்பா வீட்டில் இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அப்பா வீட்டுலதான் இருக்காரு. அவருக்கும் தப்பாத்தான் எண்ண வரும்!"

அத்தனை பேர் நின்றார்கள் அங்கே. எல்லார் பையிலும் ஒரு டின் குறைந்திருந்தது. ஒருவர், ஒரே ஒருவர், "புள்ள சொல்றது சரிதானே" என்று சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ச்சீ!

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். "புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிற நேரமா இது? நாளைக்குப் புள்ளைய அனுப்பி, தெரியாம தப்பா எண்ணிட்டேன் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அந்த ஆளு விட்டுருவாரு" என்றார். அம்மா அழுதார். நானும் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை அப்பா!

நீங்கள் தங்கச்சியின் கையைப் பிரித்து அந்தக் கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "புள்ள சரியா எண்ணியிருக்கா. அதைத் தப்புன்னு அவ வாயாலயே சொல்லவச்சா, அப்புறம் எதையும் எண்ணமாட்டா" என்றீர்கள். அவ்வளவுதான். எழுந்து கிழங்கை இறக்கப் போய்விட்டீர்கள்.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? பங்கீட்டுக்காரர் மேல் இருப்பதைவிட அதிகம் என்றே பல வருஷம் நினைத்தேன். ஐந்து வயதுப் பிள்ளை மறந்துபோகும் ஒரு பொய்யைத் தவிர்ப்பதற்காக, மறக்கவே முடியாத ஒன்றை அவள் தலையில் வைத்துவிட்டீர்களே!

மூன்றாம் நாள் காலை, ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் கையில் பட்டியலோடு வந்தார்கள். உங்கள் பெயர் அதில் இருந்தது. யார் கொடுத்திருப்பார் என்று விசாரிக்க வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கச்சியின் முன் குந்தினீர்கள். "மூணு மாசம்தான்னு சொல்றாங்க, பாப்பா" என்று மூன்று கொட்டைகளை அவள் இடது கையில் வைத்தீர்கள். "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒண்ண அந்தக் கைக்கு மாத்து. மூணாவது மாறினதும் நான் வந்து நிப்பேன்."

மாற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்ததிலிருந்து வாசலில் நின்றாள், வலது கையை மூடிக்கொண்டு. அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. வெயில் ஏறி இறங்கியது. அந்தப் பக்கத்து வீட்டு அக்கா கடந்து போனவர் நின்று, "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ஒங்கப்பன் இங்கதான இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அப்பா! அவரையும் நான் மன்னிக்கவில்லை.

நீங்கள் அதன்பிறகும் வரவில்லை. நான் உங்கள் விளையாட்டை விளையாடிப் பார்த்தேன். அவள் முன்னால் கொட்டைகளைக் கொட்டி, "லாபம், ரெண்டு, மூணு, அஞ்சு" என்று எண்ணினேன். அவள் பார்த்தாள். "சரிண்ணே" என்றாள். இரண்டை விட்டேன், ஏழை விட்டேன், ஒரே கொட்டையை இருமுறை எண்ணினேன். எல்லாவற்றுக்கும் "சரிண்ணே." கல்யாணமாகிப் போன வீட்டிலும் அப்படித்தான். கடைக்காரன் எதை நீட்டினாலும் சரி. யார் என்ன சொன்னாலும் சரி. சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நான் போய் நின்றால், "விடுண்ணே, சரிதான்" என்பாள். நீங்கள் அவ்வளவு விலை கொடுத்துக் காப்பாற்ற நினைத்தது, நீங்கள் சொன்ன மூன்று மாதத்திலேயே போய்விட்டது.

நேற்றைக்கு வருகிறேன். டியூஷன் தாளை மூடி வைத்துவிட்டுப் பேத்தியைத் தரையில் உட்காரவைத்தேன். மூட்டு ஒத்துழைக்கவில்லை, நானும் உட்கார்ந்தேன். கொட்டைகளைக் கொட்டி, ரொம்பக் கவனமாக எண்ணினேன். "லாபம், ரெண்டு, மூணு, அஞ்சு..."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பெரியவர்கள் தப்பு செய்து அவள் பார்த்ததில்லை போலும். பிறகு மெதுவாக, "தாத்தா, தப்பு" என்றாள்.

"எங்க தப்பு? எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"தப்பு தாத்தா! நாலு எங்க?" என்று எழுந்து குதித்தாள். விக்கல் எங்கே போனதோ! எழுபது வயதில் என்னைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடவைத்தாள். நான்கு போட்டுவிட்டு ஐந்து என்றேன். அதற்கும் விடவில்லை.

சமையலறை வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள், கரண்டியோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் பக்கத்தில் வந்து குனிந்து, மூன்று கொட்டைகளை மட்டும் பொறுக்கித் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பாதாண்ணே தப்பா எண்ணிட்டாரு" என்றாள்.

அறுபது வருஷம் ஆகியிருக்கிறது அவள் வாயில் தப்பு என்ற அந்தச் சொல் வர. சொல்லிவிட்டு, கொட்டைகளை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது அவை என் சட்டைப் பையில் இருக்கின்றன. அவள் உங்களிடம் கத்தமாட்டாள், அவள் சுபாவம் அப்படி ஆகிவிட்டது. நான் கத்துவேன். தப்பு, அப்பா. மூன்று இல்லை. தோப்புக்கரணம் எல்லாம் வேண்டாம், முதலிலிருந்து எண்ணுங்கள்.