ஏரி ஆடும் மாதங்கள்

இயேசு மரி சூசை

திருச்சி
9.3.1980, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் லூர்து மேரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் அம்மா, ரோசரி அக்கா, நான் மூவரும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் சுகமாயிருக்க தினமும் ஜெபம் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அம்மா, "அப்பா தனியா இருக்காரு, பக்குவமா எழுதுடி" என்றாள். பக்குவம் பார்த்தால் உண்மை பாதியாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே கோபம் வந்தால் அம்மாவிடம் வேண்டாம், என்னிடமே கோபித்துக்கொள்ளுங்கள்.

தவக்காலத்துக்காக அம்மா காப்பியில் சர்க்கரையை விட்டுவிட்டாள். காலையில் அவள் போடும் சத்தத்தைக் கேட்டால், ஒறுத்தல் எங்களுக்குத்தான் என்று தோன்றுகிறது. அக்கா இப்போது காலேஜ் வாலிபால் டீமுக்குக் கேப்டன். உங்கள் பழைய வாட்சைத்தான் கட்டிக்கொண்டு போகிறாள்.

இனி ஏரி விஷயம். நம் நாவலேரிக் கரையில் பூங்கா, படகுத்துறை, விளையாட்டுத் திடல் எல்லாம் அமைக்க நகராட்சி முடிவு செய்துவிட்டது. எழுபத்தேழு வெள்ளத்துக்கு முந்தின வருஷம் நீங்கள் நகராட்சிக்கு வரைந்து கொடுத்த படம்தான், அப்பா! இத்தனை நாள் எந்த அலமாரியில் தூங்கிற்றோ தெரியாது. மூலையில் இருந்த உங்கள் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

முதலில் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. போன வாரம் பள்ளி விட்டு வந்தபோது திடலில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. எங்களுக்காக யாரோ கோர்ட் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷமாக ஆட ஆரம்பித்துவிட்டோம். அக்காதான், "எந்தப் பைத்தியம்டி இவ்வளவு நீளமா கோடு போட்டது?" என்று முணுமுணுத்தாள். ஆடி ஆடிப் பாதிக் கோடு அழிந்த நேரத்தில் ஓவர்சியர் ரங்கசாமி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் நாமம். "ரங்கா! ரங்கா! அம்மா தாயே, அது கோர்ட் இல்லம்மா, சுவரு! சுவத்து மேல நின்னு சர்வீஸ் போடுறீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு அவர் படத்தை விரித்துக் காட்டினார். திடல் முழுவதும் மண் கொட்டி மேடாக்கி, சுற்றிலும் சுவர் எழுப்பி, சிமெண்ட் படிகள் கட்டுவார்களாம். மேடு எவ்வளவு உயரம் என்று அக்கா கேட்டாள். அவளையே பக்கத்தில் நிறுத்தி, "உன் தோள் வரைக்கும்மா. இனிமே மழைக்காலத்துலயும் ஆடலாம்" என்றார்.

என் சிநேகிதி மஜீதா அங்கேயே நின்றாள். அக்காவின் தோளைப் பார்த்தாள், திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். "அப்ப ஐப்பசி வந்தா ஏரி எங்க வீட்டுலயா வந்து ஆடும்?" என்றாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். மழை தொடங்கினால் வலையையும் கம்பத்தையும் கழற்றிவிட்டு, "இனி ஏரியோட முறை, அது ஆடட்டும்" என்று சொல்லிக் கரையேறுவோமே. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் திடலில் பரவி நிற்கும். தை பிறந்து வடிந்ததும் மறுபடி எங்கள் முறை. மஜீதா விளையாட்டாகத்தான் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திடல் மேடானால் அந்தத் தண்ணீர் பள்ளத்திலிருக்கும் அவள் வீட்டு வரிசைக்குத்தானே போகும்? எழுபத்தேழு வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குத்தான் அந்த இடம் கொடுத்தார்கள். நீங்கள் படம் வரைந்தபோது அந்த வரிசையே கிடையாது. உங்கள் மேல் தப்பே இல்லை, அப்பா. இதை அடிக்கோடிட்டே எழுதுகிறேன்.

நேற்று கோவில் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். நகராட்சி எஞ்சினியர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்றார். மஜீதாவின் அத்தா அப்துல் ரஹீம் எழுந்து, "எங்களுக்கு இன்னொரு வெள்ளம் தாங்காதுங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தும் நான் எழுந்துவிட்டேன். மழைக்கால மூன்று மாதம் எங்களுக்கு விளையாட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, திடல் பள்ளமாகவே இருக்கட்டும் என்றேன். எஞ்சினியர் சிரித்தபடி, "அப்பா வரைஞ்சதைப் பொண்ணே வேணாங்குதே!" என்றார். ஹாலே சிரித்தது. அழுகை வந்துவிட்டது.

அப்போது அக்கா எழுந்தாள். மழை மாதங்களில் பயிற்சி இல்லாமல் மாவட்ட டீமில் இடம் கிடைக்காமல் அவள் அழுததும், "உனக்கு வருஷம் முழுக்க ஆட ஒரு திடல் போட்டுத் தரேன்டா" என்று நீங்கள் அன்று இரவே வரைய உட்கார்ந்ததும் எனக்குத் தெரியும். அவள் சொன்னது இதுதான்: "சார், அந்தப் படம் எனக்காகப் போட்டது. எனக்காக எதையும் மேடாக்க வேணாம்." அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் எஞ்சினியர், "ஈஸ்டருக்கு அப்புறம் எஸ்டிமேட் மேலதிகாரிங்ககிட்ட போயிடும். அதுக்குள்ள உங்க அப்பாவே மாத்தி வரைஞ்சு அனுப்பட்டும், பார்க்கலாம்" என்றார். ரங்கசாமி சார் படத்தைத் தாளில் நகல் எடுத்துக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்பா, தயவுசெய்து உடனே வரையுங்கள். திடல் இப்போதுள்ள மட்டத்திலேயே இருக்கட்டும். ஏரியைத் தூர்வாரி, அந்த மண்ணை மஜீதா வீட்டுப் பக்கத்துக் கரையில் போட்டு உயர்த்தச் சொல்லுங்கள். சிமெண்ட் படிகளுக்குப் பதில் கரைச் சரிவையே படியாக வெட்டிப் புல் வைத்தால் போதாதா? கரையிலுள்ள நாவல் மரங்களை வெட்ட வேண்டாம். அவற்றில் ஒன்றின் அடியில் ஒரு பெஞ்சு மட்டும் போடுங்கள், அது எனக்கு, புத்தகம் படிக்க. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியிருந்தால் மன்னிக்கவும், அளவெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

அக்கா உங்களுக்கு எழுத மாட்டேன் என்கிறாள். எழுதினால் அழுதுவிடுவாளாம். நீங்கள் முதலில் அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். திடல் பேச்சே வேண்டாம், வாட்ச் சரியாக ஓடுகிறதா என்று கேட்டால் போதும்.

தூங்கப் போகுமுன் என் நெற்றியில் விரலால் சிலுவை வரைவீர்களே, இன்றைக்கு அங்கிருந்தே ஒன்று வரையுங்கள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

உங்கள் பாசமுள்ள மகள்
பி. லூர்து மேரி

கவரை ஒட்ட வேண்டும், பசை தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டாள்.