அந்தத் துருக்குழாய் நம்முடையது

கிள்ளான்
17.2.2025

அன்பு மகள் ஷாமினிக்கு,

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உன் பேராசிரியர் ஹார்ட்விக் இணையத்தில் பேசியபோது நம் கூடத்தில் இருந்தவர்கள்: நான், அப்பா, தம்பி ரிஷி, ஆங்கிலத்தை விளக்கிச் சொல்ல வந்த பக்கத்து வீட்டு கிளாரிசா டீச்சர். நான்கு பேரும் சாட்சி. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீ நலமாயிருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு இறங்கியிருந்த ரத்த அழுத்தம் அன்று மறுபடி ஏறிவிட்டது.

ஆதி கெல்ட் மொழியில் இரும்புக்கு இருந்திருக்கும் என்று அறிஞர்கள் கணித்து எடுத்த அந்த இசார்னோம் என்ற சொல்லைப் பற்றித்தான் பேசினார். 'புனிதம், வலிமை' என்ற மூலத்திலிருந்து வந்தது என்று ஒரு கூட்டம், 'இரத்தம்' என்பதிலிருந்து என்று இன்னொரு கூட்டம், வழக்கு இன்னும் தீரவில்லை என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அவர் இரத்தம்தான் என்றார். சதுப்பு நிலத்தில் இரும்பு ஊறிச் சிவந்து வழியும் தண்ணீரைப் பார்த்தவன்தான் அந்தப் பெயரை வைத்திருப்பான் என்று நீ எனக்கும் பிறகு அவரிடமும் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, தன் வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒருநாள் துருத்தண்ணீர் இரத்தமாகக் கொட்டியதாம், அப்போதுதான் இந்த யோசனையே வந்ததாம். அப்பா எழுந்து நின்று, "ஏய், அது நம்ம வீட்டு பைப்பு லா!" என்று கத்தினார். "அண்ணே, அந்தாளுக்குக் கேக்காது, உக்காருங்க" என்றார் டீச்சர்.

நீ போனில், "விட்டுடுங்கம்மா, என் பட்டம் அவர் கையில இருக்கு" என்கிறாய். நான் விடமாட்டேன். என் வீட்டு நோட்டில் போன வருடம் மார்ச் பதினான்கு, வியாழக்கிழமைப் பக்கத்தைப் பார்: குழாயில் சிவப்புத் தண்ணீர், சபாபதி வந்து பைப் மாற்றினார், ஷாமினி போனில் இரத்தம், இரும்பு, சதுப்புத் தண்ணீர் என்று விளக்கினாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்து சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கிவிட்டேன். சபாபதியும் கையெழுத்துப் போட்டார். "அக்கா, அந்தப் பழைய பைப்பு இன்னும் என் லோரியிலதான் கெடக்கு, வேணுமா?" என்றார். வாங்கிப் பேப்பரில் சுற்றிப் பின்கட்டில் வைத்திருக்கிறேன்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் உன் பேராசிரியரும் நன்றாயிருக்கட்டும் என்று வேண்டியிருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். முனியாண்டி கோயிலில் அவர் பெயரைச் சொல்லி எலுமிச்சம்பழம் நறுக்கியாயிற்று, உச்சரிப்பு தவறி வேறு யாருக்கும் போய்விடக்கூடாதென்று ரிஷி மூன்று தடவை சொல்லிக்கொடுத்தான்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. எனக்கு இன்றும் 'புனிதம்' பக்கம்தான் சரியென்று படுகிறது, முருகன் கை வேலும் இரும்புதானே. நீ சொன்னது தப்பாகவும் இருக்கலாம். தப்பென்றாலும் அது என் மகளின் தப்பு, அதைக்கூட அந்த ஆள் பெயரில் அச்சேற விடமாட்டேன்.

உன் பல்கலைக்கழகத்துக்கு டீச்சர் ஆங்கிலத்தில் எழுதிய புகார்க் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன் கையெழுத்து மட்டும் பாக்கி. காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொண்டு கையெழுத்துப் போடு. எல்லா நலனும் பெற்றுத் தலைநிமிர்ந்து நிற்பாய்.

போடுகிறாயா இல்லையா, சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
அமுதவள்ளி