சர்க்கரையும் அஸ்காவும்

2-9-1984, ஞாயிறு இரவு

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வாரப் பத்திரிகையிலிருந்து என் மனைவி கத்தரித்து வைக்கும் சமையல் குறிப்புகளை எல்லாம் முகம் சுளிக்காமல் தின்றிருக்கிறேன், பப்பாளிக்காய் கட்லெட் உட்பட. இன்று எங்கள் மகள் தமயந்தியைப் பெண் பார்க்க அரூரிலிருந்து வந்தவர்களுக்கும் அப்படி ஒன்றைத்தான் செய்தாள். கேசரி போதும் என்றேன். "கேசரிய எல்லா வூட்டுலயும் தின்னுட்டுத்தானுங்க வந்திருப்பாங்க" என்று பாசுந்தி காய்ச்சினாள்.

குறிப்பில் 'சர்க்கரை இரண்டு கப்' என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை. வெள்ளையாக இருப்பது அஸ்கா. மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதும் மேதைக்கு அது எங்கே தெரியும்? கொதிக்கும் பாலில் நாட்டுச் சர்க்கரையைக் கொட்டினாள். பால் திரிந்தது. அதையும் கிண்ணத்தில் ஊற்றி, முந்திரி தூவிக் கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தாள். "இந்த வாரம் வந்த பாசுந்திதானுங்களே இது? அஸ்கா இல்லீங்களா போடணும்? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பாலு திரிஞ்சிருச்சே!" பத்திரிகை படித்தே பண்டிதையான இன்னொருத்தி. சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். தமயந்தி இன்னும் பட்டுப்புடவையை மாற்றவில்லை. பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

பத்திரிகை ஆசிரியருக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். என் பெயரோடு அச்சானால் அரூர் அம்மாளும் படிப்பாள். மிச்சமிருக்கும் கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். காலையில் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன்.