சுவரோரம் தேய்ந்த படிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நான் நலம். தங்கை சொல்வதுபோல் ஒன்றும் இளைத்துவிடவில்லை.

போன ஞாயிறு அறையில் கிடக்கப் பிடிக்காமல், பழைய ஆலைப் பகுதியைச் சுற்றிப்பார்க்கும் ஒரு கூட்டத்தோடு நடந்தேன். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அதன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே போனார். மூடிக்கிடக்கும் நூற்பாலையின் கிடங்கில் கல்படிகள் சுவரோரம் மட்டும் குழிந்திருந்தன.

"ஏன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியல" என்றார் டீச்சர்.

எனக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊருக்கு வந்து எட்டு மாதமாக வெளியாரிடம் வாய் திறக்காதவன் பேசிவிட்டேன்.

"தோள்ல மூட்டை இருந்தா காலடி தெரியாதுங்க. சுவத்தைத் தடவிக்கிட்டேதான் இறங்கணும்."

கூட்டத்தில் ஒருவருடைய பையைத் தோளில் தூக்கி வைத்து இறங்கிக் காட்டியபோது வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். முட்டியில் சின்னச் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். டீச்சர் சுவரைத் தடவிப் பார்த்தார். கையெட்டும் உயரத்தில் கல் வழவழவென்று இருந்தது.

"இருபது வருஷமா படியைத்தான் காட்டுறேன், சுவத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லையே! இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இங்கே எனக்கு ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலை என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். இல்லை அம்மா, நான் மூட்டைதான் தூக்குகிறேன். அன்று டீச்சரிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போனில் பேசும்போது அடுப்படியிலேயே நின்று பேசுங்கள், பாத்திரச் சத்தமும் கேட்கட்டும். என் நீலச் சட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அடுத்த மாதம் அந்தப் படிகளைப் பற்றி என்னையே பேசச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள்.

உங்கள் மகன்