கையோடு வந்த கிரிப்

ஜூன் 3, செவ்வாய்

கிளினிக் போகும் வழியில், தபால் நிலைய வளைவில், சைக்கிள் ஹேண்டில்பாரின் வலது கிரிப் கழன்று கையோடு வந்துவிட்டது. கிரிப் கையில், நான் தரையில். இரண்டு முட்டியிலும் சிராய்ப்பு. யாரோ தூக்கிவிட்டபோதும் அந்த ரப்பரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டர் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் இருக்கில்ல? அப்ப வேலையைப் பாருங்க" என்றார். அவருக்கு உதவியாளராக இருப்பதில் கிடைக்கும் சலுகை இவ்வளவுதான்.

ஜூன் 4

பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டே.

ஜூன் 7, சனி

சைக்கிளை விற்றுவிடலாம் என்கிறார் இவர். "இந்த வயசுல உனக்கெதுக்கு அது?"

நாற்பத்தாறு ஒரு வயசா? என்று திருப்பிக் கேட்டிருக்கணும்.

நாத்தனார் ஹாலில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்த்த பியூட்டி பார்லரை மூடிவிட்டார்கள். ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் என்று வந்தவள், போகிற மாதிரி தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் "சாப்பிட்டியா", "ம்" தவிர எதுவும் பேசிக்கொள்வதில்லை. சண்டையும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

ஜூன் 8, ஞாயிறு

மனசு கேட்காமல் இவரே ஒரு ஜோடி புது கிரிப் வாங்கி வந்தார். ஹேண்டில்பார் குழாயில் ஏறவில்லை. சமையல் எண்ணெயைத் தடவினார். வழுக்கிக்கொண்டு ஏறியது. அதே வழுக்கலோடு திரும்பியும் வந்தது. "கடைக்காரன் சைஸ் மாத்திக் குடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

நான் சோப்புத் தண்ணீர் போட்டு ஏற்றினேன். காய்ந்ததும் இறுக்கமாகத்தான் இருந்தது. தெருமுனை தாண்டினேன், தூறல் பிடித்தது. நனைந்ததும் இரண்டு கிரிப்பும் கைக்குள்ளே சுழல ஆரம்பித்துவிட்டன. இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். இது நமக்குச் சரிப்படாதோ? இவர் சொல்வதுதான் சரியோ?

வாசலில் நாத்தனார். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எண்ணெய்ப் பிசுக்கு மேல எது போட்டாலும் நிக்காது அண்ணி. முகமா இருந்தாலும் சரி, குழாயா இருந்தாலும் சரி. கிளினிக்ல ஸ்பிரிட் இருக்குமா?"

ஜூன் 11, புதன்

டாக்டரிடம் கேட்டு ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்துவிட்டோம்.

வால் சீப்பின் காம்பை கிரிப்புக்கு அடியில் நுழைத்துக் கழற்றினாள். நான் துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். கிரிப்பின் உள்பக்கத்தையும் குழாயையும் ஸ்பிரிட்டால் துடைத்தோம், துணியில் கறுப்பு வராத வரைக்கும். அப்புறம் அவள் பார்லர் பையிலிருந்து ஹேர் ஸ்ப்ரேயை எடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. ஈரமா இருக்கறப்ப வழுக்கும், காஞ்சா பிடிச்சுக்கும். எத்தனை கொண்டை நிக்குது இதால. ஆனா ஒரே தள்ளா தள்ளணும், பாதியில நிறுத்தினா அங்கேயே ஒட்டிக்கும்."

வலது பக்கம் ஒரே தள்ளில் போய் உட்கார்ந்தது. இடது பக்கம் பாதியில் நின்றுவிட்டது — என் தவறு, மூச்சு வாங்க நின்றேன். நான் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, அவள் சுவரில் காலை ஊன்றித் திருகித் திருகி இழுக்க, கிரிப்போடு போய்ப் பூந்தொட்டியில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நீங்க இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை அண்ணி."

"நீ பக்கத்துல வந்து உட்கார்ந்ததே இல்லையே."

மறுபடி துடைத்து, மறுபடி அடித்து, ஏற்றியாயிற்று. நாளை வரை தொடக்கூடாது என்பது அவள் உத்தரவு.

ஜூன் 12

தொட்டேன். ஒரு தடவைதான்.

சாயங்காலம் முழு பலத்தோடு முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அவளும் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே நல்ல மழை. இவர் குடையை நீட்டினார். நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டேன்.

தபால் நிலைய வளைவு வந்தது. அழுத்திப் பிடித்தேன். ரப்பர் குழாயோடு குழாயாக இருந்தது. வளைவைத் தாண்டிவிட்டேன்! அப்புறம் மேம்பாலம். இறக்கத்தில் பிரேக்கை லேசாக மட்டும் தொட்டுக்கொண்டு, முகமெல்லாம் மழை அடிக்க — பாடினேனோ? பாடினேன் போலிருக்கிறது. பால்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 20

கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கும் பார்லரில் ஆள் தேவையாம். நாத்தனாரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். ஆனால் பொய்யில்லை.

ஜூலை 1, செவ்வாய்

அவளுக்கு இன்று மேல்மாடி பார்லரில் முதல் நாள். தனியா ரூம் பார்த்துக்கறேன் அண்ணி என்று நேற்று ஆரம்பித்தாள். "பார்க்கலாம், இப்ப என்ன அவசரம்?" என்றேன். வாயளவில் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே அவசரமில்லை.

காலையில் பின்சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் கூட்டத்துக்கு நடுவே இவர் நின்றுகொண்டிருந்தார். தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் நேராகப் போய்விட்டோம். கொஞ்ச தூரம் தள்ளி வந்து சிரித்த சிரிப்பில் சைக்கிளே ஆடியது.