இரங்கூன் ஆற்றங்கரையில் நிற்பவருக்கு

அர்ச். அந்தோனியார் துணை

ஊர்காவற்றுறை,
1942 தை 20

அன்பும் மதிப்பும் உள்ள அத்தானுக்குக் கிறேசம்மா எழுதுவது. நானும் பிள்ளையும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தை மாதாவிடம் ஒப்படைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முந்தநாள் துறைமுகத்துக்கு ஒரு பாய்க்கப்பல் வந்தது. உங்கள் கப்பல் என்று நினைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இறங்கியவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதில் தொழிலுக்குப் போன நம் அயல்வீட்டுச் சந்தியோகு அண்ணைதான் கிட்ட வந்து, "அழாதையும் பிள்ளை, உம்மட மனுசன் உயிரோட நிக்கிறார்" என்றார்.

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். நீங்கள் ஆற்றில் அரிசி ஏற்றிக்கொண்டு நின்றபோது யப்பான்காரன் குண்டு போட்டானாம். கப்பல் பற்றி எரிய, எல்லாரும் தண்ணீரில் குதித்தீர்களாம். உங்களோடு வந்த என் தம்பி அம்புறோசை நீரோட்டம் கடல் பக்கம் இழுத்துப் போனதைக் கண்டவர்கள் உண்டு; கரையேறியதைக் கண்டவர்கள் இல்லை. சந்தியோகு அண்ணையாக்கள் தங்கள் கப்பலில் உங்களுக்கு இடம் தந்தும், "மச்சானை விட்டிட்டு வர ஏலாது" என்று கரையிலே நின்றுவிட்டீர்களாம்.

நான் ஆறு பார்த்ததில்லை. நம் தீவில் ஆறு ஏது? அரிசி ஆலைகளின் உமி மிதக்கும் கலங்கல் தண்ணீராம், மறுகரை மங்கலாகத்தான் தெரியுமாம். கழிமுகத்து மீனவர் குடிசைகளில் கேட்டுத் திரிகிறீர்களாம். பாஷை தெரியாமல் எப்படிக் கேட்கிறீர்கள்? எங்கே சாப்பிடுகிறீர்கள்?

இங்கே துறைமுகம் வெறிச்சென்று கிடக்கிறது. இனி அந்தப் பக்கம் ஒரு கப்பலும் போகாதாம். அரிசி இல்லை, காயவைத்த பனங்கிழங்கு ஒடியலில் காய்ச்சிய கூழ்தான். பிள்ளைக்கு இரண்டு பல் வந்திருக்கிறது.

அம்மாவிடம் சொல்லப் பயந்து மறைத்தேன். இன்று காலை கோயிலில் யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அம்மா அழவில்லை. குசினியில் அடுப்பை மூட்டிவிட்டு, "மருமோனை உடன வரச்சொல்லி எழுது. என்ர பிள்ளையை மாதா பாப்பா. உன்ர பிள்ளைக்குத் தேப்பன் வேணும்" என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம். எழுது."

மூட்டிய அடுப்பில் அவர் ஒன்றும் வைக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். நீங்கள் அரிசி ஏற்றும் கிட்டங்கியின் விலாசத்துக்கு அனுப்பும் இது உங்கள் கையில் சேருமோ தெரியாது. சேர்ந்தால், அன்றே புறப்படுங்கள். கப்பல் இல்லாவிட்டால் தரைவழியாக இந்தியாவுக்கு நடக்கும் சனத்தோடு சேருங்கள். ஏன் தனியே வந்தீர்கள் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டோம்.

ஆனால் அந்த ஆற்றை விட்டு வெளிக்கிடும்போது, கடல் பக்கம் திரும்பி ஒரே ஒரு முறை அவன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் குரல் என்றால் அவன் எங்கிருந்தாலும் ஓடி வருவான்.

மாதா உங்களைக் கைபிடித்து நடத்துவாளாக.

வழி பார்த்திருக்கும்,
கிறேசம்மா