ஒற்றைப்படை ஆண்டின் பனி

டிசம்பர் 29, 2024

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்பு — யாரிடம் கேட்கிறேன், இந்த நோட்டிடமா? டில்டா இப்போதுதான் தூங்கினாள். என் கணவன் ஹென்னிங்குக்கு நார்வேயில் வேலை; பிப்ரவரி வரை வரமாட்டான். இன்று என்னோடு பேசிய ஒரே ஆள் எதிர்வீட்டு அம்மாள் வால்ட்ராவுட். குழந்தையை வாங்கிக்கொண்டு, "போய்க் குளிச்சிட்டு வா பொண்ணே, மேலெல்லாம் பால் வாடை" என்றார். கிளம்பும்போது, "இன்னும் மூணு நாள் எங்க பாடு. அப்புறம் பனி உன் தலையில."

நடைபாதை அவர்கள் பக்கம் மட்டும்தான். ஆனாலும் ஒற்றைப்படை ஆண்டுகளில் தெருவின் இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள்தான் அதன் பனியை அகற்ற வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளில் அவர்கள். காலை ஏழு மணிக்குள். நகராட்சி விதி.

ஜனவரி 2, 2024

காலை ஆறரை. நல்ல பனி. டில்டா இரவெல்லாம் அழுதாள். இரட்டைப்படை ஆண்டுதானே, அவர்கள் முறை. மறுபடி படுக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

மேலே தேதி தப்பு. 2025. கை பழைய ஆண்டையே எழுதியது, தலையும் அதையே நம்பிவிட்டது.

ஏழேகாலுக்கு ரொட்டி வாங்கக் கிளம்பிய வால்ட்ராவுட் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் போனபிறகு அவர் கணவர் கெர்ஹார்ட் தெருவைக் கடந்து வந்தார். "மண்வெட்டி கையிலதான் இருந்துச்சும்மா. உங்க முறையாச்சேன்னு நின்னுட்டேன்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜனவரி 7

எங்கள் வீட்டுக் காப்பீட்டு அலுவலகப் பெண், போனில்: "தப்பு உங்க மேலன்னு எங்கயும் ஒத்துக்காதீங்க. அவங்களுக்கு லெட்டர், போன் எதுவும் வேணாம்."

ஹென்னிங்கிடம் தேதி விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு. நீ ஒத்துக்கிட்டா காப்பீட்டுக்காரங்க கையை விரிச்சிடுவாங்க. நஷ்டஈடு நம்ம தலையில விழும். வீடு போயிடும், தெரியுமா?"

தெரியும். தெரியாமலா தூக்கம் வராமல் கிடக்கிறேன்?

ஜனவரி 10

ஆறு மணிக்கே டில்டாவை மார்பில் கட்டிக்கொண்டு பனியைத் தள்ளி, வழுக்காமலிருக்கச் சரளை தூவினேன். கெர்ஹார்ட் வீட்டுத் திரை அசைந்தது. யாரும் வெளியே வரவில்லை.

ஜனவரி 14

நாள் முழுக்க டில்டாவிடம் மட்டும் பேசினேன்.

ஜனவரி 20

கிழிக்கவில்லை. கீழே இருப்பது கடிதத்தின் பிரதி, அசலைத் தபால்பெட்டியில் போட்டாயிற்று.

"வால்ட்ராவுட், உங்களுக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று எங்கள் முறை. எழுந்தேன், பனியைப் பார்த்தேன், ஆண்டைத் தப்பாக நினைத்துத் திரும்பப் படுத்தேன். நன்றாகத் தூங்கியும் போனேன். தப்பு என்னுடையது. வலி குறைந்ததா? நடக்க விடுகிறார்களா? டில்டாவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் வந்திருக்கிறது. சொல்ல வேறு ஆளில்லை. சீக்கிரம் பதில் எழுதுங்கள்."